சின்ன அமைப்புக்குக் கட்டுப்படியாகும் இணையதளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் நூலகம், ஏரிப் பாதுகாப்புச் சங்கம், முன்னாள் மாணவர் சங்கம், சிலம்பப் பள்ளி, ரத்ததானக் குழு, சின்ன அறக்கட்டளை. இவர்களுக்குத் தளம் போட்டுக் கொடுப்பதும், வேறு யாரோ போட்டுக் கொடுத்து நின்றுபோனதை மீட்டுக் கொடுப்பதும் என் வேலை. போனில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். விலைகள் தமிழ்நாட்டு நிலவரத்தை ஒட்டித் தோராயமாகச் சொன்னவை.

எங்களுக்கு வாட்ஸ்அப் குழுவும் ஃபேஸ்புக் பக்கமும் இருக்கின்றன. தளம் வேறு எதற்கு?

எல்லோருக்கும் தேவை என்று சொல்ல மாட்டேன். உறுப்பினர்கள் நாற்பது பேர், எல்லோரும் அக்கம்பக்கத்துத் தெரு என்றால் வாட்ஸ்அப் போதும். அந்தப் பணத்தில் நூலகத்துக்கு நாற்காலி வாங்குங்கள்.

உங்களைத் தெரியாத ஒருவர் உங்களைத் தேடி வரவேண்டிய நிலை வரும்போதுதான் தளம் உதவும். நன்கொடை தர நினைப்பவர், இரவு பதினோரு மணிக்கு ரத்தம் தேடும் குடும்பம், கலெக்டர் அலுவலகத்தில் உங்கள் மனுவைப் பார்த்துவிட்டு "யார் இவர்கள்?" என்று கூகுளில் தட்டிப் பார்க்கும் அலுவலர் ஆகியோரெல்லாம் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அடுத்தவர் இடத்தில் கூரை போட்டால், அவர் காலி செய்யச் சொல்லும் நாளில் கிளம்பியாக வேண்டும். 1990களில் தமிழர்கள் பலர் ஆசையாகப் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009-ல் மூடியது. கூகுள் பிசினஸ் கணக்கோடு இலவசமாகக் கொடுத்த குட்டித் தளங்களை 2024 மார்ச்சில் கூகுளே நிறுத்திவிட்டது. இலவசமாகப் பெயர் கொடுத்த ஃப்ரீநாம் (டாட் டிகே பெயர்களை ஞாபகம் இருக்கலாம்) 2023-ல் புதிய பதிவுகளை நிறுத்தி, அடுத்த வருடம் அந்தத் தொழிலை விட்டே விலகியது. சொந்தப் பெயர் ஒன்று கையில் இருந்தால் இடம் மூடினாலும் பெயரோடு வேறு இடத்துக்குப் போய்விடலாம்.

டொமைனும் ஹோஸ்டிங்கும் ஒன்றுதானே?

இல்லை. டொமைன் என்பது உங்கள் இணைய முகவரி, அதாவது பெயர்ப் பலகை. ஹோஸ்டிங் என்பது தளத்தின் பக்கங்கள் இருக்கும் வாடகைக் கட்டடம். கட்டடம் சரியில்லை என்றால் பலகையைக் கழற்றிக்கொண்டு வேறு கட்டடம் பார்க்கலாம். பலகை உங்களுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே நிறுவனத்தில் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

டாட் இன் பெயர் வருடத்துக்கு வரியோடு ஆயிரம் ரூபாய்க்குள் வந்துவிடும். டாட் காம், டாட் ஆர்க் என்றால் ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு வரை. ஹோஸ்டிங்கை இலவசமாகவே முடிக்கலாம், கட்டணம் கட்டினாலும் சின்ன அமைப்புக்கு வருடம் இரண்டாயிரம் முதல் நான்காயிரத்துக்குள் போதும். வடிவமைப்புக்கு ஒருமுறை கொடுக்கும் கூலி ஆளைப் பொறுத்தது. ஐந்தாறு பக்கத் தளத்துக்கு எட்டாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை கேட்டால் நியாயம் என்பேன். உங்களில் யாராவது இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் அதுவும் மிச்சம்.

ஆக, ஒரு சங்கத்தின் தளம் வருடத்துக்கு ஆயிரம் ரூபாயில் ஓட முடியும். ஐம்பதாயிரம், எழுபதாயிரம் என்று கொட்டேஷன் வந்தால் எதற்கு என்று வரிவரியாகக் கேளுங்கள். அசையும் பேனர், சாட் பெட்டி, வந்தவர் எண்ணிக்கை காட்டும் மீட்டர் எல்லாம் அதில் இருக்கும். உங்களைத் தேடி வருபவருக்கு அவை எதுவும் வேண்டாம்.

பெயரை யார் பேரில் வாங்குவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நான் போய்ப் பார்த்த ஒரு வாசகர் வட்டத்தின் கதை இது. நல்ல மனசோடு ஒரு இளைஞர் தன் சொந்த ஜிமெயிலில், தன் கார்டில் காசு கட்டிப் பெயர் வாங்கிக் கொடுத்திருந்தார். மூன்று வருடம் அருமையாக ஓடியது. அப்புறம் அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது, போன் எண் மாறியது, கார்டு காலாவதியானது. ரெனியூவல் நினைவூட்டல்கள் எல்லாம் அவர் பார்ப்பதையே விட்டுவிட்ட பழைய மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் வட்டத்தின் செயலாளர், புத்தகக் கண்காட்சி அழைப்பிதழில் அச்சாகியிருந்த முகவரியைத் தட்டிப் பார்க்கிறார். வந்தது சூதாட்ட விளம்பரம். அழைப்பிதழ் எண்ணூறு பிரதி ஏற்கெனவே ஊரில் விநியோகமாகிவிட்டது. அந்த மனிதர் என்னிடம் பேசும்போது குரல் நடுங்கியதை மறக்க முடியவில்லை. யார் மீதும் தப்பில்லை, இளைஞர் இலவசமாகச் செய்து கொடுத்தவர். ஆனால் பெயர் போனது போனதுதான். கடைசியில் வேறு பெயர் வாங்கினோம்.

அதனால் நான் எந்த அமைப்புக்கு வேலை செய்தாலும் முதல் நாளே இதைச் செய்யச் சொல்கிறேன். அமைப்பின் பெயரில் புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள், யாருடைய சொந்த மெயிலும் வேண்டாம். டொமைன், ஹோஸ்டிங், மற்றக் கணக்குகள் எல்லாமே அந்த ஒரே மெயிலில் இருக்கட்டும். மீட்புக்கு இரண்டு நிர்வாகிகளின் தொடர்பைக் கொடுங்கள், ஒருவருடைய போன் எண், இன்னொருவருடைய மெயில். டொமைன் பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் அமைப்பின் பெயர் வரவேண்டும். காசை அமைப்பின் வங்கிக் கணக்கிலிருந்து கட்டி, ரசீதை பொருளாளர் கோப்பில் வையுங்கள்.

கடைசியாக, தீர்மானப் புத்தகத்தில் நாலு வரி. "இந்தப் பெயரிலான இணைய முகவரி இன்ன நிறுவனத்தில் சங்கத்தின் பெயரில் பதிவு செய்யப்பட்டுள்ளது. காலாவதியாகும் நாள் இன்னது. கணக்கு விவரம் மூடிய உறையில் பொருளாளர் வசம் உள்ளது. நிர்வாகிகள் மாறும்போது உறை கைமாற வேண்டும்." தீர்மானப் புத்தகம் எந்தச் சங்கத்திலும் தொலையாது. நிர்வாகக் குழு மாறினாலும் அடுத்த செயலாளர் அதைப் புரட்டித்தான் ஆகவேண்டும்.

எங்கள் பெயர் ஏற்கெனவே டிசைனர் பேரில் இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

முதலில் சுமுகமாகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் வசதிக்காகத்தான் தங்கள் கணக்கில் வாங்கியிருப்பார்கள். "உங்கள் கணக்கில் லாக்-ஐத் திறந்து, ஆத் கோட் அனுப்புங்கள் ஐயா, நாங்கள் எங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்கிறோம்" என்று சொன்னால் அவருக்குப் புரியும். லாக் என்பது பெயர் வேறு நிறுவனத்துக்குப் போகாதபடி போட்டிருக்கும் பூட்டு. அந்த ஆத் கோட்தான் பெயரை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் திறவுகோல். டாட் காம், டாட் ஆர்க் போன்ற பெயர்களுக்கு, உரிமையாளர் கேட்டால் பதிவு நிறுவனம் ஐந்து நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்பது இணையப் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதி. புதிதாக வாங்கிய பெயரை முதல் 60 நாளுக்குப் பொதுவாக வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது, அதுவரை காத்திருங்கள்.

அவருக்குத் தரவேண்டிய பாக்கி இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுக் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கும்.

ரெனியூவல் மறந்துவிட்டது. பெயர் போய்விட்டதா?

பதற வேண்டாம், உடனே செயல்படுங்கள். டாட் காம், டாட் ஆர்க் வகைப் பெயர்களில் காலாவதிக்குப் பிறகு பல நிறுவனங்கள் சில வாரம் சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்க விடுகின்றன. அது தாண்டிப் பெயர் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அபராதம் பல ஆயிரமாக இருக்கும். அதற்குப் பிறகு 5 நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். நல்ல பெயர்களைப் பிடிக்க அந்த நிமிடத்துக்காகவே ஆட்கள் காத்திருக்கிறார்கள். சில நிறுவனங்கள் இவ்வளவு நாள் பொறுக்காமல் இடையிலேயே ஏலம் விடுவதும் உண்டு, ஆகையால் முதல் வாரத்திலேயே கட்டிவிடுங்கள்.

அதிகபட்சம் பத்து வருடம் வரை சேர்த்துக் கட்டலாம். கையில் பணம் இருக்கும் வருடத்தில் ஐந்து வருடத்துக்குக் கட்டிவிடுவது நல்லது.

டாட் இன்னா, டாட் ஆர்க்கா? தமிழிலேயே பெயர் வைக்க முடியாதா?

டாட் ஆர்க் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், தொண்டு நிறுவனம் என்ற சான்று எதுவும் கேட்க மாட்டார்கள். டாட் இன்-ஐ நிக்ஸி என்ற இந்திய அமைப்பு நிர்வகிக்கிறது, விலையும் குறைவு. உள்ளூர் அமைப்புக்கு நான் டாட் இன்தான் சொல்வேன்.

டாட்டுக்குப் பின்னால் வரும் பகுதியைவிட முன்னால் வரும் பெயர்தான் தலைவலி. 'வாசகர்' என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு ஏ போட்டு எழுதுவார், இன்னொருவர் இரண்டு ஏ. நடுவில் ஜி-யா கே-யா, அதுவும் ஆளுக்கு ஒரு மாதிரி. 'ழ' வந்தால் கேட்கவே வேண்டாம். நினைத்திருக்கும் பெயரை போனில் உங்கள் அத்தைக்கோ பெரியப்பாவுக்கோ ஒரே ஒருமுறை சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சரியாக வந்தால் அந்தப் பெயரை வாங்கலாம்.

டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரியும் உண்டு. எனக்கு அதில் மனசு நிறைந்த ஆசை. ஆனால் சில செயலிகள் அதை எக்ஸ், என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாகக் காட்டுகின்றன, பல படிவங்கள் அந்த முகவரியில் அமைந்த மின்னஞ்சலை ஏற்பதில்லை. எனவே ஆங்கில எழுத்தில் ஒன்றை முதன்மையாக வைத்துக்கொண்டு, வசதி இருந்தால் தமிழ்ப் பெயரையும் வாங்கி அதற்குத் திருப்பிவிடுங்கள்.

இலவச ஹோஸ்டிங்கை நம்பலாமா?

சொந்தப் பெயரோடு சேர்த்தால் நம்பலாம். கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகர் பழைய சரக்கு என்று பலர் ஒதுக்குகிறார்கள், நான் ஒதுக்குவதில்லை. சொந்த டொமைனை இலவசமாக இணைக்கலாம், தமிழில் தட்டினால் ஒழுங்காக வரும், செயலாளர் போனிலிருந்தே அறிவிப்பு போடலாம். கூகுள் சைட்ஸிலும் சொந்த டொமைனை இலவசமாக இணைக்கலாம். கணினி தெரிந்த பிள்ளைகள் உங்கள் ஊரில் இருந்தால் கிட்ஹப் பேஜஸ் (நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தரும் இலவச ஹோஸ்டிங்) இன்னும் வேகமாக இருக்கும். தளத்துக்கு 1 ஜிபி வரை இடம் உண்டு, நூலகத்துக்கும் சங்கத்துக்கும் அது தாராளம்.

எளிமையான பக்கம் என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பில் சங்க இலக்கியம் முதல் பல நூறு நூல்களை இலவசமாகத் தந்திருக்கிறது. அதன் பக்கங்களில் அலங்காரம் எதுவும் கிடையாது. எழுத்தும் இணைப்பும்தான்.

அப்படியானால் வேர்ட்பிரஸ் வேண்டாமா?

தளம் கட்டுவதற்கான நல்ல கருவி, உலகத்தில் ஐந்தில் இரண்டு தளத்துக்கு மேல் அதில்தான் ஓடுகிறது. ஆனால் வீட்டில் மாடு வளர்ப்பது மாதிரி, தினமும் பார்க்க ஆள் வேண்டும். கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளகின்களைப் புதுப்பிக்காமல் விட்ட சங்கத் தளங்களில் யாரோ புகுந்து ஆயிரக்கணக்கில் ஜப்பானிய விளம்பரப் பக்கங்களை நட்டுவிட்டுப் போனதைப் பலமுறை சுத்தம் செய்திருக்கிறேன். பார்த்துக்கொள்ள ஆள் உண்டென்றால் தாராளமாகப் போடுங்கள்.

"மாதம் 79 ரூபாய்" என்று விளம்பரம் வருகிறதே?

கட்டணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள். மூன்று நான்கு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை, ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி, ரெனியூவலில் இரண்டு மூன்று மடங்கு. ரெனியூவல் விலை என்ன என்பதை மட்டும் கேளுங்கள், அதுதான் உண்மையான விலை.

தளம் 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் காட்டாமல் இருக்க எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், மூவாயிரம் ஆகும் என்கிறார்கள்.

வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015 கடைசியிலிருந்து அதை இலவசமாகத் தருகிறது. நல்ல ஹோஸ்டிங்கில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

எங்கள் பழைய ஆண்டு மலர்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அப்படியே ஏற்றலாமா?

அப்படியே ஏற்றினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கூகுளுக்கும் அப்படித்தான் தெரியும். உங்கள் மலரில் ஊரின் நூறு வருட வரலாறே இருக்கலாம், ஆனால் யார் தேடினாலும் கிடைக்காது.

எந்தப் போனிலும் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள், இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு கண் பார்வை கட்டாயம். பாமினியில் 'ஔ' ஒலிக்குரிய குறியும் 'ள' எழுத்தும் ஒரே விசைதான். மாற்றியில் 'கௌரவம்' என்பது 'கெளரவம்' என்று, அதாவது கெ பக்கத்தில் தனி ள-வாக வந்து உட்காரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தேடலுக்கு இரண்டும் வேறு சொல். கௌசல்யா, மௌனம், பௌர்ணமி இவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துங்கள். எங்கள் ஊர்ப் பள்ளி மலர் ஒன்றில் இதற்கே ஒரு முழு மாலை போனது, ஆனால் முடிந்ததும் பழைய தலைமையாசிரியர் ஒருவரின் பெயரைத் தேட, முதல் வரியிலேயே வந்தார்.

எழுத்துருவுக்கும் காசு கொடுக்க வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை எல்லாம் இலவச உரிமத்தில் கிடைக்கின்றன.

அறிவிப்புகளை போஸ்டர் படமாகப் போட்டால் போதாதா? அழகாக இருக்குமே.

படம் இருக்கட்டும், அதற்குக் கீழே அதே விஷயத்தை எழுத்திலும் போடுங்கள். பார்வையற்ற உறுப்பினரின் போனில் உள்ள திரைவாசிப்பான் தமிழ் எழுத்தை வாசித்துக் காட்டும், போஸ்டரில் உள்ளதை அந்த மாதிரி வாசிக்காது. தேதி போடும்போது வருடத்தையும் எழுதுங்கள். "வரும் ஞாயிறு" என்று மட்டும் இருக்கும் பக்கத்தை இரண்டு வருடம் கழித்தும் யாரோ பார்த்துவிட்டுப் பேருந்து ஏறிவிடுவார்கள்.

ஆண்டு விழா போட்டோக்கள் எல்லாவற்றையும் ஏற்றலாமா?

போனில் எடுத்த ஒரு படம் நாலு, ஐந்து எம்பி இருக்கும். பதினாலு படம் போட்டால் பக்கம் அறுபது எம்பி தாண்டிவிடும், கிராமத்து சிக்னலில் அது திறக்கவே திறக்காது. அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்தால் ஒரு படம் 200 கேபிக்குள் அடங்கும். ஸ்கூஷ் என்ற இலவசத் தளத்தில் பிரவுசரிலேயே செய்துவிடலாம்.

குழந்தைகள் படம் என்றால் பெற்றோர் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். குழந்தைகள் இல்லம் நடத்துபவர்கள் இதைத் தனியாகக் கவனியுங்கள்: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். "உதவி கேட்கத்தானே போட்டோம்" என்பது பதிலாகாது. அந்தக் குழந்தை நாளை பெரியவளாகித் தன் பெயரைத் தேடும்போது என்ன கண்ணில் பட வேண்டும் என்று யோசியுங்கள். தோட்டத்தை, சமையலறையை, அவர்கள் வரைந்த ஓவியத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

தளத்தில் நன்கொடை வாங்கலாமா?

யுபிஐ க்யூஆர் படம் ஒன்று போதும், சேவைக் கட்டணம் இல்லை. அமைப்பின் கணக்குக்கு உரிய க்யூஆராக இருக்க வேண்டும், பொருளாளரின் சொந்த ஜிபே வேண்டவே வேண்டாம். ஸ்கேன் செய்தால் திரையில் என்ன பெயர் வரும் என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், ஏமாற்றுக்காரர் மாற்றி வைத்தால் கொடுப்பவருக்கு உடனே தெரியும்.

வெளிநாட்டுப் பணத்தில் நிதானம் தேவை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. துபாயில் இருக்கும் உங்கள் பழைய மாணவர் இந்தியக் குடிமகன் என்றால் அவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட வகுப்புத் தோழர் தந்தால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் சரி. இதை நன்கொடைப் பக்கத்திலேயே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். ஆடிட்டரிடமும் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

அமைப்பின் பெயரிலேயே மின்னஞ்சல் வேண்டும்.

ஜோஹோ மெயிலில் ஐந்து பேர் வரை இலவசத் திட்டம் உண்டு, பிரவுசரிலும் அவர்கள் செயலியிலும் பார்க்கலாம். பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் என்றால் கூகுளின் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான திட்டத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் டொமைன் கணக்குக்கு உரிய மெயில் அந்த டொமைனில் இருக்கக் கூடாது. பெயர் காலாவதியானால் மெயிலும் சேர்ந்து நின்றுவிடும், நினைவூட்டல் வந்து சேர வழி இருக்காது.

தளம் போட்டாகிவிட்டது. இனி யார் பார்த்துக்கொள்வது?

ஒருவர் போதாது, இருவர். ஒருவர் இளையவராக இருந்தால் மற்றவர் ஊரை விட்டுப் போகாத பெரியவராக இருக்கட்டும். மாதம் ஒருமுறை போனில் திறந்து, தொடர்பு எண்ணைத் தொட்டு, அழைப்பு போகிறதா என்று பாருங்கள். வருடாந்திரப் பொதுக்குழு நாளில் வரவு செலவு வாசித்து முடித்ததும் உறையைப் பிரித்து, பாஸ்வேர்ட் வேலை செய்கிறதா என்று எல்லோர் முன்னாலும் கணக்குக்குள் நுழைந்து பாருங்கள். காலாவதி நாளை உரக்க வாசியுங்கள். தளத்தின் நகல் ஒன்றை பென் டிரைவில் எடுத்து, அதே நாளில் முகவரியை, இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். இத்தனைக்கும் கால் மணி நேரம் ஆகும். பாஸ்வேர்டை மாற்றிப் புதிய தாளில் எழுதி, உறையை ஒட்டி, குறுக்கே இரண்டு நிர்வாகிகள் கையெழுத்துப் போட்டுப் பொருளாளரிடம் கொடுங்கள்.